புகைக்கூடத்துச் சுவரும் மண்பூச்சும்

நெருப்பை ஒட்டிய சுவரில் பூச்சு விழுவது பெரும்பாலும் வலுக்குறைவால் அல்ல. பின்னாலிருக்கும் செங்கல்லைவிட அது விறைப்பாக இருப்பதால்தான். சிமெண்டுக் கலவை சூட்டில் விரியும் அளவு, சுட்ட களிமண் செங்கல் விரிவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நாளுக்கொரு முறை காய்ந்து நாளுக்கொரு முறை ஆறும் சுவரில் இந்த இழுபறி ஓயாமல் நடக்கிறது. முதலில் பூச்சைத் தட்டினால் வெற்றொலி கேட்கும். பிறகு மயிரிழை விரிசல் தெரியும். ஒரு நாள் முழுத்தகடாகக் கழன்று கீழே கிடக்கும். மலேசியாவின் கெடாவில் சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களின் பழைய தோட்டங்களையும் அவற்றை ஒட்டிய பட்டணங்களையும் ஒரு சுற்று சுற்றிவந்தால், கித்தாப் புகைக்கூடம், தொழிலாளர் லயத்து அடுப்படி, சாப்பாட்டுக்கடைச் சமையல்கட்டு என்று மூன்று இடங்களிலும் இதே கோளாறைப் பார்க்கலாம்.

புகைக்கூடம் என்பது கித்தா எனப்படும் ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் கட்டடம். பாலை அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் தகடாக அழுத்தி, மூங்கில் கழிகளில் தொங்கவிடுவார்கள். கீழேயோ வெளியே ஒட்டியோ இருக்கும் சூளையில் கித்தா விறகு எரியும். அதன் சூடும் புகையும் உள்ளே ஏறும். வெப்பம் 40 பாகை செல்சியஸை ஒட்டித் தொடங்கி, 60 பாகைக்கு மேல் போகாமல், ஏறத்தாழ நான்கு நாள் நீடிக்க வேண்டும். வெப்பம் 60 பாகையைத் தாண்டினால் தகட்டில் குமிழி விழும், தரம் இறங்கும். ஆகவே சூளைச் சுவரில் ஒரு விரிசல் என்பது அழகுக் குறை மட்டுமல்ல. அதன் வழியே காற்று உள்ளே இழுபட்டால் தீ கட்டுக்கடங்காமல் எரியும். இரவில் நெருப்பைக் காக்கும் தொழிலாளிக்குத் தூக்கமே இராது. 1965-இல் தரப்படுத்தப்பட்ட மலேசியக் கட்டி ரப்பர் வந்த பிறகு புகைக்கூடங்கள் குறைந்தன. கித்தாக் காடுகள் செம்பனையாக மாறியதும் இன்னும் குறைந்தன. எஞ்சி நிற்கும் சுவர்கள், பூச்சு எப்படிச் செய்யவேண்டும், எப்படிச் செய்யக்கூடாது என்ற இரண்டையும் காட்டுகின்றன.

பூச்சைத் தேர்வதற்கு முன் சுவரைப் பகுதி பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே கட்டடத்தில் மூன்று வேறு வெப்பங்கள் இருக்கின்றன. விறகு எரியும் வாயின் உட்புறம் 700 பாகையைத் தாண்டக்கூடியது. அங்கே எந்தப் பூச்சும் நெடுநாள் நிற்காது. தீச்செங்கல்லை அதே வகை மண்சாந்தில் மெல்லிய இணைப்பாகக் கட்டி அப்படியே விடுவதுதான் முறை. சூளையின் வெளிமுகம் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். பூச்சு வேலையின் உண்மையான களம் இதுதான். மூன்றாவது, தகடு தொங்கும் அறையின் உட்சுவர். அங்கே வெப்பம் பகை அல்ல, அமிலம்தான். ஈரத் தகட்டிலிருந்து சொட்டும் நீரிலும் விறகுப்புகை குளிர்ந்து படியும் பசையிலும் அமிலம் இருக்கிறது. சுண்ணாம்பையும் சிமெண்டையும் அது அரிக்கும். நன்றாக வெந்த செங்கல்லை இணைப்பு மட்டும் அடைத்து, பூசாமல் விடுவதே அங்கே மேல்.

சிமெண்டின் கதை கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தக்கது, ஏனெனில் பழுதுபார்க்க அழைக்கப்படும் கொத்தனார்கள் பலரும் விரிசலைக் கண்டதும் கலவையில் சிமெண்டைக் கூட்டுகிறார்கள். இறுகிய சிமெண்டுக்குள் நீர் கட்டுண்டு கிடக்கிறது. சூடு 100 பாகையைத் தாண்டியதும் அந்த நீர் படிப்படியாக வெளியேறத் தொடங்கும். 400 பாகையைக் கடந்தால் அதிலுள்ள நீற்றிய சுண்ணாம்பும் பிரிந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சூளை எரியும்வரை ஒன்றும் தெரியாது. மழை பிடித்து, பால் வெட்டு நின்று, சூளை அணைந்து கிடக்கும் நாள்களில், கெடாவின் ஈரக்காற்றை அந்தச் சுட்ட சுண்ணாம்பு உறிஞ்சும், உறிஞ்சி ஊதும், பூச்சு உள்ளிருந்தே பொடியும். எரியும்போது உறுதியாக நின்ற சுவர் சும்மா கிடக்கும்போது உதிர்வதன் காரணம் இதுதான். ஆற்று மணலும் குற்றமற்றதல்ல. அதிலுள்ள படிகக்கல் 573 பாகையில் திடீரென்று பருக்கும். வெளிமுகத்துக்கு அந்த வெப்பம் எட்டாது. சூளை வாயின் விளிம்புக்கு எட்டும். அந்த விளிம்புக்கு மணலுக்குப் பதில் பழைய செங்கல்லை இடித்துச் சலித்த பொடியைச் சேர்ப்பது நல்லது.

ஜிப்சம் பூச்சு இன்னும் மோசம். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீர். தீவிபத்தில் அந்த நீர் ஆவியாகிச் சுவரைச் சிறிது நேரம் காக்கும் என்பது உண்மை. அதை வைத்தே தீயைத் தாங்கும் பலகை என்று விற்கிறார்கள். ஒரு முறை வரும் விபத்துக்கான குணம் அது. அன்றாடம் 50 பாகையைத் தாண்டும் அடுப்படிச் சுவரில் அதே குணம் மெல்ல மெல்லப் பூச்சை மாவாக்கிவிடும்.

களிமண் பூச்சு வேதிமாற்றத்தால் இறுகுவதில்லை, உலர்வதால் இறுகுகிறது. சூட்டில் இழக்க அதனிடம் அதிகம் இல்லை. 500, 600 பாகையில் தன் கட்டமைப்பு நீரை இழந்தாலும் செங்கல்லாக வெந்து போகுமே தவிரப் பொடியாகாது. விரிவிலும் அது செங்கல்லின் உறவு. பீடோங்கை அடுத்த சுங்கை பத்துவில், செம்பனைத் தோட்டத்து மண்ணுக்கடியில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழ்ந்தெடுத்த இரும்பு உருக்குக் களங்களில் களிமண் துருத்திக் குழல்கள் ஏராளமாகக் கிடைத்தன. இதே மண் புகைக்கூடச் சூளையைவிடப் பெரிய நெருப்பையும் தாங்கியிருக்கிறது.

லயத்துப் பெண்களின் கைவேலையும் இந்த அறிவின் தொடர்ச்சிதான். கொடியடுப்பு போட அவர்கள் தேடுவது புற்றுமண். கறையான் நுண்மண்ணை அரித்துச் சேர்த்து வைத்திருப்பதால் அதில் கல் இராது, பிசின்போல் பிடிக்கும். அதை முந்தின நாளே நனைத்து, காலால் மிதித்து, சாணமும் நறுக்கிய வைக்கோலும் கலந்து அப்புவார்கள். நார் விரிசலைப் பிடித்து நிறுத்துகிறது; சாணம் கலவைக்கு நெகிழ்வு தருகிறது. வாரத்துக்கு இரண்டு முறை மெழுகுவது சுத்தத்துக்காக மட்டும் செய்வதல்ல. அன்றாடம் விழும் நுண்விரிசல் வளர்வதற்குள் மூடப்படுகிறது. எரிவாயு உருளை வந்தபின் இந்தக் கைப்பழக்கம் வீடுகளிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு விறகடுப்பு கட்டும் நாளில், வயதான அம்மா ஒருவர் மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்து “இது காணாது, இன்னும் மிதி” என்று சொல்வதைக் கேட்டால், அது இன்னும் முற்றாகப் போய்விடவில்லை என்று தெரியும்.

கெடாவுக்கு வேறொரு கொடையும் உண்டு. மூடா நீர்ப்பாசன வயல்களின் நெல் அரைபடும் ஆலைகளில் உமி மலைபோல் சேர்கிறது. மண்ணோடு உமியைக் கலந்து பூசினால், சூடேறும் பக்கத்தில் உமி எரிந்து நுண்துளைகள் விடும். அந்தத் துளைகளில் நிற்கும் காற்று வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். மிகையாகச் சுடாமல் எரித்த உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சுண்ணாம்போடு சேர்ந்தால் அது சிமெண்டுபோல் இறுகும், சிமெண்டைப்போல் விறைக்காது. மழைச்சாரல் படும் வெளிமுகத்துக்கு மண்பூச்சின்மேல் இந்தச் சுண்ணாம்பு உமிச்சாம்பல் பூச்சு மெல்லிசாக ஒரு கை கொடுப்பது பொருந்தும்.

பூசும் முறையில் அவசரத்துக்கு இடமில்லை. மண்ணை முதலில் சோதிக்க வேண்டும். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு, இரண்டரை, மூன்று பங்கு மணல் என்று மூன்று கலவை பிசைந்து, சூளைச் சுவரிலேயே உள்ளங்கை அளவு பூசி ஒரு வாரம் விட்டால் எது வெடிக்கிறது, எது உதிர்கிறது என்று சுவரே சொல்லிவிடும். பழைய சிமெண்டுத் தகட்டை முழுவதும் பெயர்க்க வேண்டும். மேலே ஒட்டுப்போடுவது வீண். செங்கல் இணைப்பை விரற்கடை ஆழம் கீறி, கரியைத் தேய்த்தெடுத்து, சுவர் குடிக்கும்வரை நீர் தெளித்து, கூழ்போன்ற மண்கரைசலைத் துடைப்பத்தால் அடித்து, அது காய்வதற்குள் முதல் பூச்சை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் கையால் அழுத்தி அப்ப வேண்டும். கரண்டியைவிடக் கையே இங்கு நல்ல கருவி, மண் இணைப்புக்குள் போவது விரலுக்குத் தெரியும். பாதி உலர்ந்து தோல்போல் ஆனதும் விரிசல்களை மரக்கட்டையால் தேய்த்து மூடி, பிறகு நுண்மணல் சேர்ந்த இரண்டாம் பூச்சு. இரும்புக் கதவின் சட்டத்தை மட்டும் பூச்சோடு இறுக்கக் கூடாது. ஒரு மீட்டர் இரும்பு 400 பாகை சூடேறினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். சட்டத்தைச் சுற்றி இடைவெளி விட்டு, அதைத் தளர்ந்த மண்ணும் உமிச்சாம்பலும் கொண்டு அடைத்து விடவேண்டும்.

காலமும் ஒத்துவர வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் கெடாவில் வறட்சி. அதை ஒட்டியே கித்தா மரங்கள் இலை உதிர்த்துப் பால் குறையும். சூளைக்கு ஓய்வும் சுவருக்கு வெயிலும் சேரும் அந்த வாரங்களே பழுதுபார்க்க ஏற்றவை. பூச்சு இரண்டு வாரமாவது நிழலில் உலரட்டும். பிறகும் முதல் நாள் சுள்ளி மட்டும் ஒரு மணி நேரம், மறுநாள் சற்று அதிகம், மூன்றாம் நாள் விறகு. நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் பெருகும். அதற்குச் சந்து விடாமல் முதல் நாளே கட்டை விறகைத் திணித்தால் நல்ல பூச்சும் வெடித்து விழும்.

பட்டணத்துச் சமையல்கட்டில் விடை சற்று மாறும். ரொட்டி சானாய் கல்லின் பின்சுவரும் தந்தூரி அடுப்பை ஒட்டிய சுவரும் நாள்தோறும் எண்ணெயும் நீரும் காண்பவை; மண்பூச்சு அங்கே நிற்காது. ஒரு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற இளகிய கலவை பூசி, அதற்கு முன்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டு எஃகுத் தகடு நிறுத்துவது போதும். இடையில் ஓடும் காற்றே சூட்டைக் கொண்டுபோய்விடும். தகட்டின் மேலும் கீழும் அடைக்காமல் விட வேண்டும். செம்பனை எண்ணெய் ஆலையின் கொதிகலன் உட்புறம் போன்ற கொடுஞ்சூட்டு இடங்களுக்கு உயர் அலுமினா சிமெண்டுக் காரை தனியாக உண்டு. கொதிகலன் வேலை பழகியவர்கள் கையாள வேண்டிய பொருள் அது.

பழைய சூளைக் கதவுகளைச் சுற்றியிருக்கும் வெண்ணிறக் கயிறும் சாம்பல்நிறப் பலகையும் கல்நாராக இருக்கலாம். அதைப் பெயர்ப்பது கொத்தனார் வேலை அல்ல. கைபடாமல் விட்டு, முறையாக அகற்றத் தெரிந்தவர்களை அழைக்க வேண்டும். செங்கல்பொடி சலிக்கும்போதும் உமிச்சாம்பல் கலக்கும்போதும் எழும் தூசி நுரையீரலில் தங்குவது. மூக்கில் துண்டு கட்டுவது போதாது. தூசி வடிகட்டும் முகக்கவசம் போட்டு, பொடியை நனைத்த பிறகே கிளற வேண்டும்.