ஒரு மடிக்கணினி, இரண்டு வாசல்

2011இல் தமிழக அரசு தரத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸ் 7, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். திருமுக்கூடல் காலனிப் பிள்ளைகளோடு வேலை செய்யும் நாங்கள் பல ஆண்டுகள் விண்டோஸை மட்டுமே தொட்டோம். மற்றது நமக்குப் புரியாது என்று நாங்களே ஒதுக்கினோம்.

2020 ஜனவரியில் விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் நின்றன. புதுக் கணினி வாங்க எந்த வீட்டிலும் காசில்லை. அப்போதுதான் இரண்டாவது வாசல் நினைவுக்கு வந்தது. பிள்ளைகளின் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்தோம். பழைய பாஸ் இருந்த பகுதியில், எடை குறைந்த புதிய லினக்ஸை நிறுவினோம். இணையத்துக்கு அது; பழைய பாட மென்பொருளுக்கு விண்டோஸ். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

நமக்குக் கதவை அடைத்தவர்களைப் பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். திறந்தே கிடந்த கதவை நாம் தள்ளிப் பார்க்காததையும் பேசுவோம்.