இரண்டு வேலைக்கு ஒரு வண்டி

பத்திரிகையில் எழுதுபவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்றொரு நம்பிக்கை எங்கள் உறவினர் மத்தியில் இன்றும் உண்டு. காணி உறுதியில் உள்ள சிக்கல் முதல் கண்புரைச் சத்திரசிகிச்சை வரை என்னிடம் ஆலோசனை கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் கனடாவிலிருந்து மச்சான் ஒருவர் தொலைபேசியில் கேட்ட கேள்வி அவை எல்லாவற்றையும் விஞ்சிவிட்டது.

“மச்சான், சைட்-பை-சைட் ஒண்டு வாங்கப் போறன். காட்டுப் பாதையில ஓடவும் வேணும், ஸ்நோ தள்ளவும் வேணும். ஆளாளுக்கு ஒண்டு சொல்லுறாங்கள். நீர் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லும்.”

கொழும்பு வெயிலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பனி தள்ளும் வண்டியைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது சற்று வேடிக்கையான காரியம்தான். எனினும் தெரியாததை விசாரித்து அறிவதே எங்கள் தொழில். இரண்டு மாத காலம் நான் படித்தேன். அவர் விற்பனை நிலையங்களில் ஏறி இறங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கில் இயந்திரம் மட்டும் இருக்கவில்லை என்பதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். நான்கு சக்கர மோட்டார் சைக்கிளில் குதிரையில் அமர்வது போலக் காலை இருபுறமும் போட்டு அமரவேண்டும். சைட்-பை-சைட்டில் அப்படியல்ல. காரைப் போல இருவர் அருகருகே அமரலாம். சுக்கான், ஆசனப்பட்டி, தலைக்கு மேல் உருக்குக் குழாய்ச் சட்டம், பின்னால் சிறு பாரப்பெட்டி என்பன உண்டு. கவசாகி நிறுவனம் 1988இல் ‘மியூல்’ என்ற பெயரில் இத்தகைய வண்டியை அறிமுகப்படுத்தியது. மியூல் என்றால் கோவேறு கழுதை. அது பண்ணை வேலைக்கு என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும். தொண்ணூறுகளின் இறுதியில் போலாரிஸ் நிறுவனத்தின் ‘றேஞ்சர்’ வந்தது. 2003இல் வந்த யமஹாவின் ‘றைனோ’ இவ்வகை வண்டியை உல்லாசச் சவாரிக்குரியதாகவும் மாற்றிவிட்டது. 2007இல் போலாரிஸ் வெளியிட்ட ‘ஆர்.இசட்.ஆர்.’ முற்றிலும் சவாரிக்காகவே பிறந்தது. ஆக, ஒரே தோற்றமுடைய இந்த வண்டிகளுக்குள் இரண்டு சாதிகள் உண்டு. ஒன்று உழைக்கப் பிறந்தது, மற்றையது ஓடித் திரியப் பிறந்தது. மச்சானின் தலையிடி இங்கேதான் ஆரம்பித்தது.

அவர் வசிப்பது ரொறன்ரோவிலிருந்து வடக்கே, ஹண்ட்ஸ்வில் நகருக்கு அப்பால். அங்கே எரிபொருள் நிரப்பு நிலையம் ஒன்றை நடத்துகிறார். ஒன்ராறியோவின் சிறு நகரங்களில் இந்தத் தொழிலில் நம்மவர் பலர் இருக்கிறார்கள். காலை ஆறு மணிக்குக் கடை திறந்தாக வேண்டும். வீடு நகரிலிருந்து பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளிக் காட்டோரத்தில் இருக்கிறது. வீதியிலிருந்து வீட்டு வாசலுக்கு இருநூறு மீற்றர் நீளமான கிரவல் பாதை. வீட்டில் மனைவியும் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருவரும் அவருடைய தாயாரும் இருக்கிறார்கள். தாயார் எனக்கு மாமி. வயது எண்பத்திரண்டு. இருதயம் பலவீனம்.

அந்தப் பகுதி ஜோர்ஜியன் குடாவிலிருந்து வரும் ஈரக்காற்றின் பாதையில் இருக்கிறது. உறையாத நீர்ப்பரப்பின் மேலாக வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நிலத்தில் வெண்பனியாகக் கொட்டுகிறது. ஒரு மாரியில் மொத்தமாக மூன்று மீற்றர் அளவுக்குப் பனி விழுவது அங்கே புதுமையல்ல.

மூன்று மீற்றர் அகலமும் இருநூறு மீற்றர் நீளமும் கொண்ட பாதையில் 30 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் அது 180 கனமீற்றர். புதிதாய் விழுந்த பனி ஒரு கனமீற்றர் 100 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் 18,000 கிலோ. பதினெட்டுத் தொன்! ஈரம் செறிந்த பனியானால் இதைப்போல மூன்று மடங்கு. இதைச் சவளால் அள்ளுவதென்பது நடக்கிற காரியமல்ல. பிக்கப் வாகனத்தில் தகடு பூட்டிவந்து தள்ளித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பனி நாளில் அவர்களுக்கு முப்பது வீடுகள். ஆறு மணிக்கு முன் நம் வீட்டு முறை வரும் என்பதற்கு எவரும் உத்தரவாதம் தருவதில்லை.

மறுபுறம், பிள்ளைகளின் கனவு வேறு. கோடையிலும் இலையுதிர்காலத்திலும் காட்டு வழிகளில் ஓடவேண்டும். பழைய ரயில் பாதையின் மேல் அமைந்த, 61 கிலோமீற்றர் நீளமுள்ள ‘சீக்வின்’ தடம் பரி சவுண்ட் நகரின் பக்கமாகச் செல்கிறது. மரம் வெட்டும் கம்பனிகள் ஒருகாலத்தில் அமைத்த பாதைகள் பல அரச காட்டுக்குள் கிடக்கின்றன. இவற்றில் ஓட, நீண்ட சுருள்வில்களும் சீறிப்பாயும் எஞ்சினும் உள்ள சவாரி வண்டிதான் பிள்ளைகளின் தெரிவு. மச்சானுக்கும் உள்ளூர அந்த ஆசை இருந்தது என்பதை அவருடைய குரலே சொன்னது.

இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. காட்டுத் தடத்துக்கு வண்டி ஒடுக்கமாக, பாரம் குறைந்ததாக இருக்கவேண்டும். முதலில் வந்த ஆர்.இசட்.ஆர். வண்டியின் அகலம் 50 அங்குலம், எடை சுமார் 430 கிலோ. வட அமெரிக்காவின் பழைய தடங்கள் பல இந்த அகலத்துக்கே அமைக்கப்பட்டவை. பனி தள்ளுவதற்கோ பாரம் வேண்டும். பாரம் இருந்தால்தான் ரயர் நிலத்தைப் பற்றும். வேலைக்குரிய பெரிய வண்டிகள் 60 அங்குலத்துக்கு மேல் அகலமும் 700 கிலோவுக்கு மேல் எடையும் கொண்டவை. மென்மையான சுருள்வில் குண்டுங்குழியில் சுகம் தரும். ஆனால் முன்னால் கனமான தகட்டைத் தொங்கவிட்டால் அதே வண்டியின் மூக்குத் தாழ்ந்துவிடும்.

தகட்டின் அகலத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பனியைப் பக்கவாட்டில் ஒதுக்குவதற்காகத் தகட்டை ஏறத்தாழ 30 பாகை சரித்து வைப்பார்கள். அப்போது 72 அங்குலத் தகடு துடைக்கும் அகலம் 62 அங்குலம்தான். 62 அங்குல அகலமான வண்டிக்கு அதற்குக் குறைந்த தகடு பூட்டினால், ஒதுக்கிய பனியின் மேல் சொந்தச் சக்கரமே ஏறும். விற்பனையாளர் ஒருவர் 60 அங்குலத் தகட்டை மலிவாகத் தருவதாகச் சொன்னபோது மச்சான் மறுத்தது இந்தக் கணக்கினால்.

அடுத்தது, எஞ்சினின் வலு சக்கரத்துக்குப் போகும் வழி. இவ்வகை வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடும் இறப்பர்ப் பெல்ற் ஒன்றினால் இயங்குகின்றன. கியர் மாற்றும் வேலை இல்லை. ஆனால் கனமான பனியை உயர் கியரில் தள்ளினால் பெல்ற் வழுக்கிச் சூடேறிக் கருகும். தள்ளும்போது எப்போதும் தாழ் கியர் என்பது இதன் முதல் விதி. குபோட்டாவின் டீசல் வண்டிகளில் பெல்ற் கிடையாது. எண்ணெய் அழுத்தமே சக்கரத்தைச் சுழற்றும். பண்ணை வேலைக்கு அது ராசா. ஆனால் அதன் வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவோடு நின்றுவிடும். பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். ஹொண்டாவின் ‘பயனியர் 1000’ வண்டியில் பெல்ற்றுக்குப் பதிலாகக் கார் போன்ற கியர்ப்பெட்டியும் இரட்டைக் கிளச்சும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

பாதுகாப்பு விடயத்தில் நான் ஒரு பழைய செய்தியை அவருக்கு அனுப்பினேன். றைனோவின் 450, 660 வகைகள் கவிழ்வது பற்றி அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு 2009 மார்ச்சில் ஓர் அறிவித்தல் விடுத்தது. ஆணைக்குழு விசாரித்த ஐம்பதுக்கு மேற்பட்ட சம்பவங்களில் 46 பேர் இறந்திருந்தார்கள். பின்சக்கரங்களை அகட்டியும் பின்புறச் சமநிலைத் தண்டை அகற்றியும் தருவதற்கு நிறுவனம் உடன்பட்டது. இன்றைய வண்டிகள் அன்றையதை விட அகலமானவை. ஆனாலும் உயரமாக நிற்கும் எதுவும் வளைவில் வேகமாகத் திரும்பினால் சரியும் என்ற இயற்கை விதி மாறிவிடவில்லை. சரியும்போது கையையோ காலையோ வெளியே நீட்டுபவர்தான் நசுங்குகிறார். ஆகவே ஆசனப்பட்டி, தலைக்கவசம், பக்கவலை ஆகிய மூன்றும் இல்லாமல் சாவியைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கும்படி சொன்னேன்.

சட்டத்தையும் பார்த்தோம். சைட்-பை-சைட் வண்டிகளைச் சில பொது வீதிகளில் செலுத்துவதற்கு ஒன்ராறியோ மாகாணம் 2015 ஜூலை 1 முதல் அனுமதித்தது. உள்ளூர் வீதிகள் நகரசபையின் துணைவிதிக்கு உட்பட்டவை. அனுமதி கிடைத்த வீதியிலும், மற்ற வாகனங்களுக்கு 50 கிலோமீற்றர் வரையான வேக எல்லை இருந்தால் இவ்வண்டிக்கு 20தான். அதற்கு மேற்பட்ட எல்லையாயின் 50. வீட்டுப் பனியைத் தள்ளிக் கொண்டுபோய் அனுமதியின்றிப் பொது வீதியில் விடுவது அங்கே குற்றம் என்பதும் அறிந்துகொண்டோம்.

இவ்வளவு விபரம் சேர்ந்த பிறகும் முடிவு வரவில்லை. வீட்டில் வாக்கெடுப்பு நடந்தால் பிள்ளைகள் பக்கமே வெல்லும் போலிருந்தது. அப்போது நான் மச்சானிடம் அவருடைய தகப்பனாரின் லாண்ட்மாஸ்டரை நினைவூட்டினேன்.

இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பிரித்தானியத் தயாரிப்பு ஒன்றின் பெயர் அது. பின்னர் வந்த யப்பானிய, சீன இரு சக்கர உழவியந்திரங்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பரந்தனில் மாமாவிடம் ஒன்று இருந்தது. வயலை உழும், நெல்மூடை ஏற்றும், பெட்டியைப் பூட்டினால் குடும்பத்தையே வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கொண்டுபோகும். ஆனால் மாமா அதை வாங்கியது திருவிழாவுக்காக அல்ல. உழவுக்கென்று தெரிந்தெடுத்தார், திருவிழா அதற்குப் பின்னால் தொற்றிக்கொண்டு போனது. உழவு பிந்தினால் அந்தப் போகம் போய்விடும். திருவிழாவுக்குப் பிந்திப் போனால் பொங்கல் ஆறியிருக்கும், அவ்வளவுதான்.

“எந்த வேலை பிந்தினால் மன்னிப்பு இல்லையோ, அந்த வேலைக்கு வண்டியை எடும். மற்றது அதோடு சமாளிக்கட்டும்” என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அம்மா இருக்கிறா” என்று மட்டும் சொன்னார்.

வேலைக்குரிய வகையில் நடுத்தர வண்டி ஒன்றை வாங்கினார். மூடிய அறை, உள்ளே சூடாக்கி, 72 அங்குலத் தகடு, அதைத் தூக்க வின்ச். ஒடுக்கமான தடங்கள் பிள்ளைகளுக்கு இல்லையென்றாயின. ஆனால் ஐப்பசியில் சீக்வின் தடத்தில் மெதுவாக ஓடி, மேப்பிள் மரங்கள் சிவந்து நின்ற படங்களை அனுப்பினார்கள். முகங்களில் குறை தெரியவில்லை.

மாரியில் அவர் கற்றவற்றை, அந்த நாட்டுக்குப் புதிதாகச் செல்பவர்களுக்காகக் குறித்து வைக்கிறேன். நிலம் உறையும் வரை தகட்டின் அடியில் உள்ள பாதத்தை இறக்கித் தகட்டை உயர்த்தி வைக்காவிட்டால் கிரவலும் சேர்ந்து வழித்துப் போய்விடும். முதற் பனியையே பாதையின் அகலத்துக்கு அப்பால் தள்ளி ஒதுக்கவேண்டும். ஓரத்தில் குவிந்தது கல்லாக இறுகினால் பாதை மாசிக்குள் பாதியாகிவிடும். வின்ச் அடிக்கடி தகட்டைத் தூக்குவதால் பற்றரி இறங்கும். இரவில் சார்ஜரில் போட்டு வைக்கவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, பனி ஓயும் வரை காத்திருக்கக்கூடாது. 30 சென்ரிமீற்றரை ஒரே தடவையில் தள்ளுவதிலும் 15, 15 ஆக இரு தடவை தள்ளுவது வண்டிக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது.

இந்தக் கடைசிப் பாடத்தின் பெறுமதி மாசி மாதத்தில் ஓர் இரவு தெரிந்தது. மாலை முதல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு ஒரு தடவை தள்ளிவிட்டுப் படுத்திருக்கிறார். அதிகாலை இரண்டரைக்கு மாமிக்கு மூச்சுத் திணறல். மனைவி 911ஐ அழைக்க, அவர் பிஜாமாவின் மேல் குளிரங்கியைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறியிருக்கிறார். அப்போது மறுபடி முழங்காலுக்குச் சற்றுக் கீழாகப் பனி. இருநூறு மீற்றரையும் போய் வந்து தள்ளி, கடைசியாகப் பாதை வாயிலுக்குச் சென்றால், வீதியைச் சுத்தம் செய்த நகரசபை வாகனம் அங்கே இடுப்பளவு வரம்பு ஒன்றைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறது. அந்த வரம்பை இடித்து ஒதுக்கி ஐந்து நிமிடமாகவில்லை, அம்புலன்சின் வெளிச்சம் தெரிந்ததாம். வாகனம் நேரே வாசற்படி வரை வந்தது.

மாமி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். நான் தொலைபேசியில் சுகம் விசாரித்தபோது தன் வருத்தத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. மகன் வாங்கிய வண்டியின் கம்பனிப் பெயர் அவர் வாயில் நுழைவதில்லை.

“தம்பி, இஞ்ச எங்கட லாண்ட்மாஸ்டர் நிக்குது. பயமில்லை” என்றார்.