பெட்டி வைத்த இடம்

விஞ்ஞானத்துக்கும் எனக்கும் விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் நெருங்கிய சிநேகிதமும் கிடையாது. பல்பு மாற்றுவதோடு என் சாமர்த்தியம் தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட நான், போன மார்கழியில் காரைக்கால்மேட்டில் ஒரு வீட்டுக்கு மோடத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன் என்றால் என் மனைவியே நம்பமாட்டாள். நம்பவும் இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

காரைக்கால் டவுனுக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய மீனவ கிராமம் காரைக்கால்மேடு. பெயரில் மேடு இருக்கிறதே தவிர, கடலுக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை என்பதை 2004-ஆம் வருஷம் பார்த்துவிட்டோம். ஒரு நாவலுக்காக அந்தக் கரையோரத்தில் நான் அலைந்துகொண்டிருந்த காலத்தில் எனக்குச் சோறு போட்ட வீடு ஒன்று அங்கே உண்டு. அந்த வீட்டு அக்காவை வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்க்காமல் இருக்கமாட்டேன். அவள் புருஷன் அந்த டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் கரையில் உட்கார்ந்து வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர். அவரைப்பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்தத் தடவை போனபோது அக்காவின் முகம் சரியாக இல்லை. காப்பி கொடுத்தாள். மீன் குழம்பு வைத்தாள். பேச்சுத்தான் ஒட்டவில்லை. சாப்பிட்டுக் கையலம்பும்போது மெதுவாகக் கேட்டேன்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன தம்பி? சின்னவன்தான் மூணு வாரமா பேசலை. அங்கேயே பொழப்பு, சம்பாத்தியம்னு ஆயிடுச்சு. ஆத்தா நெனப்பு எதுக்கு?"

சின்னவன் கத்தாரில் இருக்கிறான். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். ராத்திரி பத்தரைக்கு, அவன் ஊரில் எட்டு மணிக்கு, குரலும் வந்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளை மூன்று வாரமாகப் பேசவில்லை என்றால் யாருக்கும் உறுத்தும். நான் என் போனிலிருந்தே அவனைக் கூப்பிட்டேன். எடுத்ததும் அழாத குறையாகப் பேசினான்.

"தெனம் கூப்புடுறேன் மாமா. மணி அடிக்கவே மாட்டேங்குது. அம்மா சீக்கிரமா தூங்கிடுது, இல்லாட்டி எம்மேல கோவம்னு நெனச்சேன்."

இவள் அவனுக்கு நினைவில்லை என்கிறாள். அவன் இவளுக்குக் கோபம் என்கிறான். கத்தாருக்கும் காரைக்காலுக்கும் நடுவே இருக்கிற கடலை எல்லாம் தாண்டிவிட்ட குரல் எங்கே வந்து தடுக்கி விழுந்தது?

விஷயம் சிறியது. மூன்று வாரத்துக்கு முன்னால் பையன் பணம் கட்டி வீட்டுக்கு இன்டர்நெட் வைத்துக் கொடுத்திருந்தான். வீட்டிலேயே நெட் வந்துவிட்டபடியால், அம்மாவின் போனுக்கு மாதாமாதம் போட்டுக்கொண்டிருந்த டேட்டாவை நிறுத்திவிட்டான். கம்பெனி ஆசாமி வந்தார், தெருக் கம்பத்திலிருந்து கண்ணாடி இழையை உள்ளே இழுத்தார், வெள்ளைப் பெட்டி ஒன்றை வைத்தார், விளக்கு எரிகிறதா என்று பார்த்தார், போய்விட்டார். பிறகு அக்கா தன் பங்குக்குச் செய்யவேண்டியதைச் செய்திருந்தாள். உப்புக்காற்று பட்டால் எந்த இரும்பும் உருப்படாது என்பது கடற்கரையில் குழந்தைக்கும் தெரியும். ஆகவே பெட்டியை உள்ளறைக்கு எடுத்துப் போய், இரும்பு பீரோவுக்குப் பின்னால் தரையில் வைத்து, மேலே பழைய துண்டு ஒன்றைப் போர்த்திவிட்டாள். பக்கத்தில் தண்ணீர் பீப்பாய். விலை உயர்ந்த சாமானுக்கு இதைவிட மரியாதை செய்ய முடியாது.

அக்கா ராத்திரி படுப்பது வாசல் திண்ணையில்.

நான் சிறுவனாக இருந்தபோது பெரியவர்கள் 'கம்பியில்லாத் தந்தி' என்று ஒன்றைப்பற்றி வாய் பிளந்து பேசுவார்கள். ரேடியோப் பெட்டிக்குத் தபாலாபீசில் லைசென்ஸ் பணம் கட்டியாக வேண்டிய காலம் அது. இந்த வைஃபை என்பதும் அந்த வம்சத்துப் பேரன்தான். பேரன் குள்ளன், குரலும் சன்னம். சுமார் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகளில், வினாடிக்கு 240 கோடி அதிர்வு என்ற கணக்கில் பேசுகிறான். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்கிறார்களே, அது இதுதான். இந்த அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளை லைசென்ஸ் இல்லாமல் யாரும் வைத்துக்கொள்ளலாம் என்று நம் சர்க்கார் அறிவித்தது 2005 ஜனவரியில். இன்னொரு குரலும் அவனுக்கு உண்டு, 5 கிகாஹெர்ட்ஸ். அதில் வேகம் அதிகம். ஆனால் ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

செங்கல் சுவரை ஓரளவு தாண்டிவிடுகிற இந்த அலை, இரும்பைக் கண்டால் திரும்பிவிடுகிறது. தண்ணீரில் பட்டால் கரைந்துவிடுகிறது. அக்கா ஒரு பக்கம் இரும்பையும் ஒரு பக்கம் தண்ணீரையும் காவல் வைத்து, தரையில் உட்காரவைத்து, தலையில் முக்காடும் போட்டிருந்தாள். பெட்டி தொட்டால் சுட்டது. பாவம், மூன்று வாரமாக உள்ளே கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சுவரோரமாக இழையில் ஒரு வளையம் மிச்சம் விட்டுப் போயிருந்தார் அந்த ஆசாமி. அவர் நன்றாக இருக்கட்டும். அதை மெதுவாகப் பிரித்தேன். கண்ணாடி இழையைச் செப்புக் கம்பிபோல் மடக்கக்கூடாது. உள்ளே ஓடுவது மின்சாரம் அல்ல, வெளிச்சம். சுருக்கென்று மடித்தால் வெளிச்சம் மடிப்பிலேயே கசிந்துவிடும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பிக்கும். பெரிய வளைவாகவே விட்டு, நடு அறையில், வாசற்கதவைப் பார்த்தாற்போல், ஆள் உயரத்துக்கு மேல் சுவரில் ஒரு பலகை அடித்துப் பெட்டியை ஏற்றினேன். கடல் காற்று நேரே படாத மூலை. ஆனால் மூடாத இடம். திண்ணையில் போய் அக்காவின் போனைப் பார்த்தால், காலியாகக் கிடந்த இடத்தில் மூன்று கோடுகள் நின்றன.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டேன். உள்ளே நுழையும் பெயரும் ரகசியச் சொல்லும் பட்டவர்த்தனமாக அச்சிட்டிருந்தன. பூட்டின்மேலேயே சாவியைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருந்தது. சீட்டில் போட்டிருந்தபடி 192.168.1.1 என்று போனில் தட்டினேன். இது வெளியுலகத்து விலாசம் அல்ல. வீட்டுக்குள்ளே பெட்டியைக் கூப்பிடுகிற செல்லப்பெயர். கதவு திறந்தது. முதல் காரியமாகப் பெட்டியின் நிர்வாகச் சொல்லை மாற்றினேன். பிறகு வைஃபைக்குப் பூட்டுப் போடும் பக்கத்துக்கு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்.

"அதுக்கு எதுக்குத் தம்பி பூட்டு? நான் வாசக்கதவுக்கே தாப்பா போடுறதில்லை."

"எவனாவது உன் லைனில் விஷமம் பண்ணினால் போலீஸ் உன் வாசலுக்குத்தானே வரும் அக்கா?"

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கடல் இருந்த திக்கைப் பார்த்தபடி சொன்னாள்:

"அன்னிக்கு ஒரு வீட்டுக்குப் போன் வந்திருந்தா, அவன் கதவைச் சாத்திக்கிட்டா இருந்திருப்பான்?"

எனக்குச் சுருக்கென்றது. அக்காவுக்கு நல்லவாடு கதை தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும்.

காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாடு. நிர்வாகம் வடக்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில். அந்தப் புதுச்சேரிக் கிராமங்களில் 1998-லிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அறிவு மையங்கள் என்று சிலவற்றை அமைத்தது. டெலிபோன் கம்பியை நம்ப முடியாத ஊர்களை, வில்லியனூரை நடுவில் வைத்து, ரேடியோ அலையால் கம்ப்யூட்டரோடு கம்ப்யூட்டராக இணைத்தார்கள். வீட்டுக்கு வீடு மோடம் வருவதற்கு முந்திய ஊர் மோடம் என்று வைத்துக்கொள்ளலாம். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயரக் கணக்கைத் தினம் எடுத்து ஒலிபெருக்கியில் படித்துக் காட்டுவார்கள். அப்படி ஒரு மையம் நல்லவாட்டிலும் இருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6.28-க்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் சிங்கப்பூரிலிருந்த ஓர் இளைஞர் சமாசாரத்தை அறிந்து நல்லவாட்டுக்குப் போன் செய்தார். ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியைப் போட்டு, கரையைவிட்டு ஓடச் சொல்லிக் கத்தினார்கள். படகு போயிற்று, வலை போயிற்று. 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்த அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

காரைக்கால் வட்டாரத்தில் போனது 400-க்கும் மேற்பட்ட உயிர்கள். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று கரையோடு கரையாக. அதே யூனியன் பிரதேசம், அதே கடல், அதே இரண்டு மணி நேரம். சமாசாரம் இல்லாமல் இல்லை, உலகத்தில் எங்கேயோ இருந்தது. திண்ணை வரைக்கும் வரவில்லை.

இன்று நிலைமை வேறு. 2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில் நமக்கென்று சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிலம் நடுங்கினால் சில நிமிஷங்களில் கணக்குப் போட்டுச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் பெரிய காரியம், பெரியவர்கள் செய்துவிட்டார்கள். கடைசிச் சில முழம் மட்டும் நம் கையில் இருக்கிறது. பெட்டியைப் பீரோவுக்குப் பின்னால் வைப்பதும் வாசலைப் பார்த்து வைப்பதும் யாரும் சட்டம் போட்டுச் சொல்லும் சமாசாரம் அல்ல.

இதை எல்லாம் அக்காவிடம் நான் சொல்லவில்லை. "சரி அக்கா, ரெண்டு கதவு வைத்துவிடலாம்" என்றேன். வைஃபைப் பெட்டிகள் பலவற்றில் விருந்தாளிக்கென்று தனி வழி ஒன்று இருக்கிறது. அதில் வருகிறவருக்கு இன்டர்நெட் கிடைக்கும். வீட்டுப் போன், டி.வி. பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. அதற்கும் பூட்டு உண்டு. அக்கா விரல்விட்டு எண்ணினாள்: எதிர்வீடு, பக்கத்து மூன்று வீடு, கோயிலில் மைக் போடுகிறவன் வீடு... மொத்தம் எட்டு. அந்த எட்டு வீட்டுக்கு மட்டும் சொல்வதென்று தீர்மானம் ஆயிற்று. சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

"இந்த வழிக்கு ஒரு பேர் வைக்கணும் அக்கா. சுத்துப்பட்டுப் போன்ல எல்லாம் தெரியும். என்ன வைக்கட்டும்?"

அக்கா வாய் திறக்கவில்லை. சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் கையால் காட்டினாள். புருஷன் பெயரை அவள் உயிரோடிருந்த நாளிலும் சொன்னதில்லை, இப்போதா சொல்வாள்? படத்தின் கீழே எழுதியிருந்ததைப் பார்த்து எழுத்து எழுத்தாகத் தட்டினேன்.

சாயங்காலம் அதன் பலன் தெரிந்தது. தெருக் குழந்தைகள் போனை வைத்துக்கொண்டு, "தாத்தா இங்க நல்லா கிடைக்குறாரு! அங்க கிடைக்கல!" என்று வாசலுக்கு வாசல் கூவிக்கொண்டு ஓடின. அதட்டப் போகிறாளோ என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். சிரிப்பா, வேறா என்று நான் கேட்கவில்லை.

ஒரு குறை மிச்சம். மின்சாரம் நின்றால் பெட்டியும் நின்றுவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது இந்தப் பக்கத்து விளக்குகள் பட்ட பாட்டை மறக்கமுடியுமா? டவுனில் கேட்டு, பெட்டிக்கு ஏற்ற 12 வோல்ட் குட்டி பேட்டரி ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். ஆகையால், பரணில் தூசி படிந்து கிடந்த பழைய டிரான்சிஸ்டரை இறக்கித் துடைத்து, புதுக் கட்டை பேட்டரி போட்டு, மோடத்துக்குப் பக்கத்திலேயே பலகையில் வைத்தேன். பாட்டனும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்திருப்பது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ராத்திரி பத்தரைக்குத் திண்ணையில் போன் அடித்தது. நான் உள்ளே படுத்திருந்தேன். கேட்கவேண்டும் என்று கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"தூங்கலைடா... இங்கதான், வாசல்லதான் இருக்கேன். சொல்லு."