எலிக்காய்ச்சலும் எங்கள் தெருக்களும்

எலிக்காய்ச்சல் என்று பெயர் வைத்தவர் யாரோ, பழியை எலியின்மேல் மட்டும் போட்டுவிட்டார். மாடு, நாய், பன்றி ஆகியவையும் இந்நோயின் கிருமியைச் சுமக்கின்றன. எலிக்கோ இதனால் பெரும்பாலும் ஒரு துன்பமும் இல்லை! சிறுநீரகத்தில் கிருமியை வைத்துக்கொண்டு அது பாட்டுக்கு ஓடித் திரிகிறது. போகும் இடமெல்லாம் சிறுநீரோடு கிருமியையும் சிந்துகிறது. ஈரம் இருந்தால் அக்கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெடித்த குதிகாலோடு நாம் அதில் நடந்தால் போதும், உள்ளே நுழைந்துவிடும்.

பெரம்பூர்வாசிகளாகிய எங்களுக்கு இதைப் பற்றி அறியப் புத்தகம் தேடிப் போக வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தோம். 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் ஓட்டேரி நல்லா எது, தெரு எது என்று தெரியாமல் போயிற்று. மழை நின்ற பிறகும் பல தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அந்தத் தண்ணீரில் என்னதான் இல்லை? சாக்கடை, குப்பைத் தொட்டி, மாட்டுத் தொழுவம், எலி வளை எல்லாம் ஒன்றாய்க் கலந்து கருத்துக் கிடந்தன. மாடுகள் வீட்டுப் படிகளில் ஏறி நின்றன. பால் பாக்கெட் கிடைக்காத அந்த நாள்களில் எங்களில் சிலர் வீட்டுக்குப் பால் கொடுத்தவை அந்த மாடுகளே, நன்றி மறக்கலாகாது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா பால்காரர். இரண்டு மாடுகள் வைத்திருக்கிறார். முழங்கால் அளவு தண்ணீரில் வெறுங்காலோடு நின்று தீவனம் வைத்தார், சாணம் அள்ளினார். தண்ணீர் வடிந்து பத்து நாள் ஆகும்போது அவருக்குக் காய்ச்சல் கண்டது. தலைவலி, கெண்டைக்காலைத் தொட்டாலே அலறும்படியான வலி. அருகிலிருந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான்காம் நாள் கண் சிவந்தது, பிறகு மஞ்சளாயிற்று, சிறுநீர் குறைந்தது. அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டு ஓடினார்கள்.

அங்கே ஒரு பெண் மருத்துவர் நாடியைப் பிடித்துக்கொண்டே, "மாடு வச்சிருக்கீங்களா? வெள்ளத் தண்ணியில நின்னீங்களா?" என்று கேட்டாராம். "ரெண்டு மாடு இருக்கு டாக்டரம்மா" என்று தோழியின் அம்மா சொன்னதும், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார். பதினோரு நாள் கழித்து அவர் வீடு திரும்பினார். தோழி அரையாண்டுத் தேர்வை எப்படி எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது. தொடக்கத்திலேயே கொடுத்தால் டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்தே கேட்கும் நோய் இது. சிறுநீரகம், ஈரல் போன்ற உறுப்புகளைத் தாக்கினால் உயிருக்கு ஆபத்து. ஆகவே அந்த ஒரு கேள்வியை ஒரு வாரம் முன்னதாக யாரேனும் கேட்டிருந்தால் அத்தனை கண்ணீர் வேண்டியிருந்திருக்காது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. வெள்ளத்துக்கு இரண்டு மாதம் முன்பே அவர் மாடுகளில் ஒன்று காய்ச்சலாய்க் கிடந்து கன்று வீசியிருந்தது. எலிக்காய்ச்சல் கிருமி மாட்டைக் கன்று வீசச் செய்யும் என்று பின்னர்தான் அறிந்தோம். அந்த மாட்டுக்கு இதே கிருமிதானா என்று அப்போது யாரும் சோதிக்கவில்லை. ஆதலால் நாங்கள் அடித்துச் சொல்ல மாட்டோம். ஆனால் மாட்டின் நோய் கால்நடை மருந்தகத்தின் ஏட்டில் இருக்கும். மனிதரின் நோய் மருத்துவமனையின் ஏட்டில் இருக்கும். அடைத்துக்கொண்ட கால்வாயோ மாநகராட்சியின் ஏட்டில் இருக்கும். மூன்றையும் ஒருசேரப் படிப்பவர் யார்? கிருமி மட்டும் ஏடு பார்த்தா நடக்கிறது?

மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள் என்பது பெருமைக்குரிய செய்தி. வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைப் பேருந்தில் போகும்போதெல்லாம் பார்க்கிறோம். கால்நடை மருத்துவத் துறையைச் சேர்ந்த எஸ். ரத்னம் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் சென்னையின் தூய்மைப் பணியாளர்களின் இரத்தத்தைச் சோதித்து 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இக்கிருமி உடலில் நுழைந்து சென்றதற்கான அடையாளம் இருந்தது! மாட்டு வைத்தியர் மனிதரைச் சோதிப்பதா என்று அவர்கள் நின்றிருந்தால் இது தெரிந்திருக்குமா? 1989-இல் உருவான கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு மாதவரம் பால்பண்ணையில் எலிக்காய்ச்சலுக்கென்றே ஓர் ஆய்வகம் உண்டு. அங்கே விலங்கின் இரத்தத்தோடு மனித இரத்தமும் சோதனைக்கு வந்திருக்கிறது.

விலங்கு முதலில் சொல்லும், மனிதன் பிறகு உணர்வான் என்பதற்கு 1957-இல் கர்நாடகத்தில் நடந்ததும் சான்று. சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றுப்புற ஊர்களில் மக்களுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. அறிவியலார் குரங்குகளையும் காட்டு உண்ணிகளையும் ஆராய்ந்தே அந்த வைரஸைப் பிடித்தார்கள். இன்றும் அங்கே குரங்கு செத்துக் கிடந்தால் அதை எச்சரிக்கையாகவே கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும், உணவு வேளாண்மை நிறுவனமும், விலங்கு நல நிறுவனமும் 2010-இல் இதற்காகக் கைகோத்தன, 2022-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்துகொண்டது. உலக அளவில் கோத்த கை ஓட்டேரி வரை நீள வேண்டுமே!

ஒரு வேடிக்கை: வீட்டு நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்தே மருந்து இருக்கிறது. நாயைக் குளிப்பாட்டும் நமக்கோ அப்படி ஊசி போடும் வழக்கம் இங்கில்லை.

இவ்வாண்டு காலாண்டு விடுமுறையில், மழைக்கு முன்பாக, நாங்கள் பதினான்கு பேர் அறிவியல் ஆசிரியையின் துணையோடு ஒன்பது தெருக்களைச் சுற்றினோம். ஒரு தாளில் வீடுகளில் கண்ட காய்ச்சல், ஒரு தாளில் மாடு, நாய்களின் நோய், ஒரு தாளில் நீர் தேங்கும் இடமும் குப்பை குவியும் இடமும். சில வீடுகளில் மாட்டைக் கணக்கெடுத்துப் பிடித்துப் போகத்தான் வந்தோம் என்று எண்ணிக் கதவைச் சாத்தினார்கள். தோழியின் அப்பா கூட வந்து, "நம்ம புள்ளைங்கதான், சொல்லுங்க" என்ற பிறகே வாய் திறந்தார்கள். அவர் இப்போது கம்பூட்ஸ் போட்டுத்தான் தொழுவம் கழுவுகிறார். வேர்க்கிறது என்று முணுமுணுப்பார்.

உரிய தாளை உரிய அலுவலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். தலைமையாசிரியை சிஸ்டரோ, மூன்று தாளையும் சேர்த்துத் தைத்து மூன்று இடத்துக்கும் கொடுங்கள் என்றார். அப்படியே கொடுத்தோம். கால்நடை மருத்துவர் தம் தாளைப் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் புரட்டினார். கன்று வீசிய மாடு நிற்கும் தெருவும், நீர் தேங்கும் தெருவும், மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்த தெருவும் ஒன்றாயிருப்பதைத் தம் பேனாவால் சுழித்தார். ஐப்பசி முடிவதற்குள் இரண்டு தொழுவங்களுக்கு ஆள் வந்து மாடுகளின் இரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவு இன்னும் வரவில்லை.