பெண்கள் பக்கம்

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் டென்ட் கொட்டகை இருந்த காலத்தில், தரை டிக்கெட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவுக்கு ஒரு சுவர் இருந்தது. மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்காருவோம். முன்னால் இருப்பவரின் கொண்டை மறைத்தால் இன்னும் கொஞ்சம் மணல். ஆண்கள் பக்கம் விசில் பறக்கும்போது எங்கள் பக்கம் சத்தமே இருக்காது. எங்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டால் சுவருக்கு அந்தப்புறமிருந்து யாராவது கிண்டலடிப்பார்கள். அவர்கள் எதற்கு விசிலடிக்கிறார்கள் என்று அம்மாவைக் கேட்டால், "நீ படத்தப் பாரு" என்பாள்.

கொட்டகையும் போய்விட்டது, சுவரும் போய்விட்டது. இப்போது நான் மாமல்லபுரத்தில் குடியிருக்கிறேன். செங்கல்பட்டில் தமிழ் கற்பிக்கிறேன். தினமும் முப்பது கிலோமீட்டர் போய், முப்பது கிலோமீட்டர் திரும்புவது. படம் பார்ப்பது செங்கல்பட்டில்தான், பெரும்பாலும் பகல் காட்சி. நாற்பத்தாறு வயதாகிறது, முனைவர் பட்டம் இருக்கிறது, இரண்டு கவிதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. இரவுக் காட்சிக்கு இதுவரை தனியாகப் போனதில்லை. யாரும் தடுக்கவில்லை. படம் முடிந்து வெளியே வரும்போது பேருந்து நிறுத்தத்தில் எத்தனை பெண்கள் நிற்பார்கள் என்ற கணக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மனதில் ஓடிவிடுகிறது.

கடந்த ஓரிரு ஆண்டுகளில் பார்த்த சில படங்களைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்கிறேன். முதலில் என்மீதே ஒரு புகார்.

2024 ஜூனில் 'மகாராஜா' வந்தது. விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம், நித்திலன் சாமிநாதன் இயக்கியது. முடிதிருத்தும் ஒருவர் காவல் நிலையத்துக்குப் போய், தன் வீட்டு லட்சுமியைக் காணவில்லை என்று புகார் கொடுக்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத் தொட்டி. சிரிக்கிறோம். காலம் முன்னும் பின்னுமாகக் கலைந்து கிடக்கிறது. கடைசி அரை மணி நேரத்தில் எல்லாம் ஒன்று சேரும்போது, அவர் தேடுவது தொட்டியை அல்ல, தன் மகள் ஜோதியைச் சிதைத்தவர்களை என்று தெரிகிறது. அதற்கும் மேலே ஒரு திருப்பம். ஜோதி அவர் பெற்ற பெண்ணே இல்லை. அனுராக் காஷ்யப் நடித்த அந்த வில்லன் பழிதீர்க்கப் போய் அழித்தது தான் பெற்ற மகளைத்தான். அந்த இடத்தில் அரங்கமே எழுந்தது. நானும் கைதட்டினேன். கண்ணில் நீர் வந்தது. மறுநாள் முதுகலை வகுப்பில், கதையின் காலத்தை எப்படி உடைத்து அடுக்கியிருக்கிறார்கள் பாருங்கள் என்று ஒரு மணி நேரம் பேசினேன்.

கடைசி வரிசையில் ஒரு மாணவி. இரண்டு வருடமாக அதிகம் பேசாதவள். வகுப்பு முடியும்போது எழுந்து கேட்டாள்: "அம்மா, அது அவரு பொண்ணா இல்லாம போயிருந்தா?"

புரியவில்லையே என்றேன்.

"அந்தாளுக்கு வலிக்குது, ஏன்னா அது அவரு பொண்ணு. வேற யாரு பொண்ணாவோ இருந்திருந்தா அவருக்கு வலிச்சிருக்காதே. நமக்கும் இவ்ளோ வலிச்சிருக்காது இல்ல?"

பதில் வரவில்லை. பேருந்தில் கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். அந்தப் படத்தில் இரண்டு அப்பாக்களின் துக்கம் இருக்கிறது. ஒருவர் துக்கத்தால் வெட்டுகிறார், இன்னொருவர் துக்கத்தால் சாகிறார். நடுவில் இருக்கும் பெண்ணுக்கு இறுதியில் எதிரியின் முன்னால் நின்று பேச ஒரு காட்சி கிடைக்கிறது. அதையும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், குறை சொல்ல மனமில்லை. ஆனால் குற்றத்தின் எடையை நிறுக்கிற படிக்கல் அவள் பட்டது அல்ல, அவள் யாருடைய மகள் என்பது. நான் கைதட்டியது அந்தக் கணக்கு கச்சிதமாகத் தீர்ந்ததற்கு. சீனா வரைக்கும் போய் ஓடிய படம் அது. அங்கேயும் இந்த இடத்தில்தான் அழுதிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் மாணவிகள் சிலர் மாமல்லபுரம் வந்தார்கள். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு அழைத்துப் போனேன். சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லை இழுக்கும் துர்க்கை, எதிரே கதாயுதத்தோடு பின்வாங்கும் எருமைத் தலையன். அவன் இன்னும் சாகவில்லை, சண்டை நடந்துகொண்டிருக்கிறது. கீழே வாளோடு இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். வழிகாட்டிகள் அவளைக் காட்டுவதே இல்லை. "இவங்களுக்கு ஃபிளாஷ்பேக் வைக்கலியே அம்மா" என்றாள் ஒருத்தி. சிரித்துவிட்டு இளநீர் குடிக்கப் போனோம்.

மற்ற படங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 'ஜெ பேபி'யில் ஊர்வசிக்காக மட்டும் இரண்டு முறை போகலாம். தொலைந்துபோன அம்மாவைத் தேடி மகன்கள் கொல்கத்தா போகிற கதையில், அந்த அம்மா வீட்டில் இருந்தபோதே எப்படித் தொலைந்துபோயிருந்தாள் என்பதை அவர் முகமே சொல்லிவிடுகிறது. 'லப்பர் பந்து' மனதுக்குச் சந்தோஷமான படம். சுவாசிகா டிராக்டரை ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்குகிற இடத்தில் பெண்கள் விசிலடித்ததை முதன்முறையாகக் காதால் கேட்டேன். என் வரிசையில் இருந்த அக்கா ஒருவர் விரலை மடக்கி வாயில் வைத்து அடித்த விசில், ஆண்கள் யாராலும் முடியாதது. அதற்குப் பிறகு படம் மறுபடியும் இரண்டு ஆண்களின் ரோஷத்துக்கே திரும்பிவிடுகிறது. இருந்தாலும் அந்த விசிலுக்காக மன்னித்துவிட்டேன்.

வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்' 2025 செப்டம்பரில் வந்தது. ஜனவரியில் டீசர் வந்தபோதே சண்டை தொடங்கி நீதிமன்றம் வரைக்கும் போயிருந்தது. ஒரு பெண் தப்பு செய்வாள், மறுபடியும் தப்பு செய்வாள், கதை அவளைத் தண்டிக்காது. இவ்வளவுதான் படம், தமிழில் இதுவே பெரிய காரியம். எனக்கு மிகவும் பிடித்தது, மகள் படிக்கிற பள்ளியிலேயே ஆசிரியையாக இருக்கும் அந்த அம்மா. ஊரார் முன்னால் ஒழுக்கத்துக்குக் காவல், வீட்டுக்குள் அவரும் ஒரு கைதி. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு வந்த என் மாணவிகள் முதலில் பேசியது வேறு: "அந்தப் பொண்ணுக்குத் தனி ரூம் இருக்கும்மா." ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் கதவே கதாநாயகியாகத் தெரிந்திருக்கிறது. இதைப் படத்தின் குறையாகச் சொல்லவில்லை. அவர்களுடைய கெட்ட பெண்ணை யாராவது எடுக்க வேண்டும்.

'கொட்டுக்காளி'யைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 23 அன்று 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் ஒரே நாளில் வந்தன. 'வாழை'க்குக் கூட்டம். பி.எஸ். வினோத்ராஜின் இந்தப் படத்துக்கு ஞாயிறு மதியக் காட்சியில் எங்களையும் சேர்த்துப் பதினான்கு பேர். அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். எழுபத்திரண்டு வயது. சூரி இருக்கிறார் என்றதும் சிரிப்புப் படம் என்று நம்பிக் கிளம்பிவிட்டாள்.

மீனா என்ற பெண் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். வீட்டார் அதைப் பேய் பிடித்திருப்பதாக முடிவு செய்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடி ஒருவரிடம் கூட்டிப்போகிறார்கள். கூடவே பலி கொடுக்க ஒரு சேவல். போகிற வழிதான் படம். பின்னணி இசை கிடையாது. மீனாவாக வரும் அன்னா பென் அநேகமாக ஒரே ஒரு முறைதான் வாய் திறக்கிறார். முறைமாமனாக வரும் சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கழுத்தெல்லாம் சுண்ணாம்பு. குரல் உடைந்தவன் கத்திக்கொண்டே வருகிறான், குரல் உள்ளவள் பேசாமல் வருகிறாள். ஆட்டோவில் ஓடுகிற பாட்டை அவள் முணுமுணுத்தாள் என்பதற்காக அவன் அடிக்கிறான். தடுக்க வந்த பெண்களுக்கும் அடி. எங்கள் அரங்கில் பின்னாலிருந்து ஒரு பையன், "பாட்டு போடுங்கப்பா" என்று கத்தினான். நான்கைந்து பேர் சிரித்தார்கள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. படம் முடிவைச் சொல்லாமல் நின்றபோது, "முடிஞ்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

திரும்பும் பேருந்தில் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பேச்சில்லை. மலையைத் தாண்டியதும் சொன்னாள்.

"எங்கக்காவையும் இப்டிதான் கூட்டினு போனாங்க."

பெரியம்மா இறந்து பதினொரு வருடமாகிறது. எங்கள் வீட்டில் அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு: அவ கொஞ்சம் ஒரு மாதிரி. இரண்டாம் தாரமாகப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சிறுவயதில் நாங்கள் பந்தயம் கட்டி, ஓடிப்போய் அவர் புடவைத் தலைப்பைத் தொட்டுவிட்டு வருவோம். பேய் பிடித்தவர் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. என்னைப் பார்த்தால் "சாப்டியா" என்று கேட்பார். அதைத் தவிர அவர் பேசி நான் கேட்டதில்லை.

"மூணு வெள்ளிக்கெழம பூசாரிகிட்ட. மாட்டு வண்டியில நடுவுல அவள உக்கார வச்சி, சுத்தி நாங்க. தொணைக்குன்னு என்னையும் இட்டுனு போனாங்க. பூசாரி வேப்பெலயால அடிச்சான். அப்பறம் எங்கப்பா கையில குடுத்து அடிக்கச் சொன்னான்."

"யாரும்மா அந்தப் பையன்?"

பெயரைச் சொல்லவில்லை. அடுத்த தெருகூட இல்லை, ஊருக்கு அந்தப்பக்கம் என்று கையைக் காட்டினாள். பிறகு, "ஏரிக்கரையில ரெண்டு பேரும் பேசினு இருந்தத நாந்தான் பாத்தேன். நாந்தான் வூட்ல சொன்னேன். பன்னண்டு வயசு எனக்கு. தப்புன்னு தெரிஞ்சா சொல்லிடணும்னுதான் சொன்னேன். அதுக்கப்பறம் அவ எங்கூட பேசல."

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு நான் ஆண்டுதோறும் நடத்துகிற பாடம். காதலால் மெலிந்த பெண்ணை முருகு அணங்கியது என்று தாய் நினைக்கிறாள், வேலனை அழைக்கிறார்கள், களம் இழைத்து, ஆட்டைப் பலி கொடுத்து அவன் ஆடுகிறான். நோய் எதுவென்று அவளுக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும், வாசிக்கிற நமக்குத் தெரியும், அம்மாவுக்கும் வேலனுக்கும் தெரியாது. இந்த முரணின் அழகைச் சொல்லிச் சொல்லி ரசித்திருக்கிறேன். வெறி பாடியதாலேயே வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர் பெற்ற பெண்கவி ஒருவர் இருக்கிறார் என்று பெருமையோடு கரும்பலகையில் எழுதுவேன். தோழி உண்மையைத் தாயிடம் உடைத்துச் சொல்வதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். அதன் பிறகு மணம் கூடும் என்று தேர்வுக்குக் குறிப்பும் கொடுப்பேன். எங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுத் தங்கை ஒருத்தி அறத்தொடு நின்றிருக்கிறாள். கூடியது பூசாரியின் களம். அந்தப் பாடல்களில் வேலன் அவளை அடித்தானா, கூந்தலைப் பிடித்தானா என்று இத்தனை வருடத்தில் ஒரு மாணவியும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. 'மகாராஜா'வுக்குக் கைதட்டிய அதே கைதான் இங்கேயும் பாடம் எழுதிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து அம்மா கேட்டாள்: "அந்த சேவல அவுத்து உட்டாங்களா?" எனக்கு நினைவில்லை. இன்னொரு முறை பார்க்கலாமா என்றாள். தியேட்டரில் விசாரித்தேன், படத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். ஓடிடியில் வரும்வரை காத்திருந்தோம். நடுநடுவே, "வந்துச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் மாமல்லபுரம் வீட்டில், அடுத்த தெரு சிற்பக்கூடத்து உளிச் சத்தத்துக்கு நடுவே, மடிக்கணினியில் போட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து உட்கார்ந்தாள். ஆட்டோ போய்க்கொண்டே இருக்கிறது. வழியில் காளை ஒன்று சாலையை மறித்து நிற்கிறது. மீசை வைத்த ஆண்கள் எல்லோரும் தயங்கி நிற்கிறார்கள். எங்கிருந்தோ ஒரு சின்னப் பெண் வருகிறாள், காளையை அவள்பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள்.

"இங்கயே நிறுத்து" என்றாள் அம்மா.

"சேவல் என்னாச்சுன்னு பாக்கணும்னியே?"

"வேணாம். அங்க போவ வேணாம். இங்கயே நிறுத்திடு."

நிறுத்தினேன். திரையில் அந்தச் சின்னப் பெண்ணின் முதுகு நின்றிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காபி போட எழுந்து போனாள்.