சத்தத்தைக் குறைக்கச் சொல்வது சாமிக்கு விரோதம் இல்லை



ஆடி பிறக்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. தெருவுக்குத் தெரு மைக்செட் கட்டத் தொடங்குவதற்குள் இதை எழுதிவிட நினைத்தேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது பழக்கம்தான்.

தெருச் சத்தத்தைப் பற்றிப் பேசினால் இரண்டு பதில் வரும். "வருஷத்துல நாலு நாள், பொறுத்துக்க முடியாதா?" என்பது ஒன்று. "உங்களுக்கு வயசாயிடுச்சு சார்" என்பது இன்னொன்று. எனக்கு இரவில் தூக்கம் கெட்டால் மதியம் படுத்துக்கொள்ளலாம். பென்ஷன்காரனுக்கு என்ன அவசரம்? ஆனால் எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

எதிர் வீட்டு மாடியில் ஒரு நர்ஸ் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறார். பாதி நாள் நைட் டியூட்டி. காலையில் வந்து படுத்தால்தான் அன்று இரவு நோயாளிக்குச் சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுக்க முடியும். போன வருஷம் ஆடியில் அவர் ஜன்னலுக்கு நேரே இருந்த கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. சத்தம் கூடும்போது நன்றாக இருக்கும் கையைக் காதருகே கொண்டுபோவார். அவரால் முடிந்த புகார் அவ்வளவுதான்.

"கமிட்டியில சொல்லலாமே அம்மா" என்றேன் அந்த நர்ஸிடம். "நாங்க வாடகைக்கு இருக்கிறவங்க சார். வந்து ஆறு மாசம் ஆகல. நாங்க சொன்னா கோயிலுக்கு எதிரின்னு ஆயிடும்" என்றார்.

கமிட்டியில் முன்னால் நிற்பவன் என்னிடம் படித்தவன். மறுநாள் காலை, பாட்டு ஓடாத நேரமாகப் பார்த்துப் போனேன். சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது போய்க் கேட்டால் அது சண்டை. அமைதியான நேரத்தில் போனால் பேச்சு. "பாட்டை நிறுத்தச் சொல்ல வரலப்பா. மூணு விஷயம்தான். அந்தக் கம்பத்துல இருக்கிற கூம்பை இறக்கிடு. ராத்திரி பத்துக்கு நிறுத்து. காலையில ஆறுக்கு முன்னாடி வேண்டாம்" என்றேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று பேர் சொல்லவில்லை. எனக்காக என்றே வைத்துக்கொள் என்றேன்.

அங்கிருந்த ஒரு பெரியவர், "சாமி காரியத்துக்கே தடையா வாத்தியாரே?" என்று கோபப்பட்டார். "அம்மனுக்குக் காது நல்லாத்தான் கேக்கும்ணே" என்றேன். சிரித்துவிட்டார்.

இயற்பியல் வாத்தியார் கணக்குப் போடாமல் வரமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். டெசிபல் என்பது மடங்குக் கணக்கு. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஜன்னலிலிருந்து 5 மீட்டரில் இருக்கும் ஸ்பீக்கரை 40 மீட்டருக்குத் தள்ளினால் 18 டெசிபல் குறைவு. ஆற்றல் 64-இல் ஒரு பங்கு. கூழ் வாங்க வந்த கூட்டத்துக்கு அதே பாட்டு அப்படியே கேட்கும். கம்பத்து உச்சியில் ஒரு பெரிய கூம்புக்குப் பதில், கூட்டத்தைப் பார்த்துத் தாழ்வாக இரண்டு சின்ன பாக்ஸ் வைத்தாலே போதும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 வரை. பலரும் பத்து மணியை நினைவில் வைத்திருக்கிறார்கள், ஆறு மணியை மறந்துவிடுகிறார்கள். பகலிலும் ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். திருவிழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்வு தரலாம், அதுவும் வருஷத்தில் மொத்தம் 15 நாளுக்கு மேல் கிடையாது. 2000 ஆகஸ்டில், சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. கோயில், தேவாலயம், மசூதி, அரசியல் கூட்டம், கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் விதி ஒன்றுதான்.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அன்று மாலையே கூம்பு இறங்கியது. காலைப் பாட்டு ஆறுக்குப் போனது. கடைசி நாள் கச்சேரி மட்டும் பதினொன்றைத் தாண்டியது. போன் செய்தேன், பத்து நிமிஷத்தில் நின்றது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நர்ஸ் பகலில் தூங்கினார்.

என் வயதுக்காரர்களுக்கும் ஊரில் நாலு பேர் மதிக்கும் இடத்தில் இருக்கும் என் மாணவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். சத்தத்தால் அதிகம் வதைபடுகிறவர்கள் கைக்குழந்தைக்காரி, நோயாளி, ராத்திரி வேலைக்காரர், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. இவர்களில் யாரும் போய்க் கேட்கும் நிலையில் இல்லை. கேட்டால் மரியாதையோடு பதில் கிடைக்கும் நாம்தான் கேட்க வேண்டும். நமக்குக் கிடைத்த "சார்" என்ற சொல் வேறு எதற்குத்தான்? முதலில் நேரில் பேசுங்கள். பயனில்லை என்றால் தேதி, நேரம் குறித்து இரண்டு மூன்று வீட்டார் கையெழுத்தோடு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்து அவசரத்துக்கு 100 இருக்கிறது.

விழாக் கமிட்டியில் இருக்கும் என் பிள்ளைகளே, ஸ்பீக்கர் கட்டும் முன் ஒரு தடவை தெருவைச் சுற்றி நடந்து வாருங்கள். எந்த ஜன்னலுக்குப் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அப்புறம் கட்டுங்கள். கூழுக்கு நானும் வருகிறேன்.