இடம் சொல்லாத காவலர்களுக்கு

யார்க்‌ஷயர் டேல்ஸில் அந்த ஒற்றை லேடிஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் செடியைக் காத்தவர்களுக்கு,

உங்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. முதலில் காவல் இருந்தவர்கள் இன்று உயிரோடு இருக்கவும் வாய்ப்பில்லை. ஆனாலும் இந்த நன்றியைச் சொல்லியே ஆக வேண்டும்.

வட இங்கிலாந்தின் கேட் பேரோஸ் காப்பகத்தில், திரும்ப நட்டு வளர்த்த லேடிஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டைக் கண்ணாரப் பார்த்தேன். கருஞ்சிவப்பில் முறுக்கிய இதழ்கள். நடுவில் உப்பிய மஞ்சள் பை. அந்தப் பையில் தேன் கிடையாது. ஏமாந்து வரும் சிறு தேனீ வழுக்கி உள்ளே விழுகிறது. விழுந்த வழியே ஏற முடியாது. பின்புறம் வெளிச்சம் கசியும் இடுக்கு வழியாக நெருக்கியடித்து வெளியேறும்போது முதலில் சூல்முடியை உரசுகிறது, அடுத்து மகரந்தத்தைப் பூசிக்கொள்கிறது. எத்தனை நுட்பமான ஏற்பாடு!

சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண் படிந்த புல்வெளியும் அதை ஒட்டிய வெளிச்சமான காட்டோரமும் இதற்குப் பிடித்த இடங்கள். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வேறு பல நாடுகளில் இது உண்டு. இங்கிலாந்தில் அதன் அழகே அதற்குப் பகையாயிற்று. சந்தையில் விற்கப் பறித்தார்கள், தோட்டத்தில் வைக்க வேரோடு பிடுங்கினார்கள், சேகரிப்புக்காகக் காயவைத்தார்கள். 1917இல் பிரிட்டனில் அற்றுப்போனதாகவே அறிவித்துவிட்டார்கள்.

1930இல் ஒரு செடி கண்ணில் பட்டது. ஒன்றே ஒன்று.

அற்றுப்போன பூவைக் கண்டுபிடித்தோம் என்று அன்றைக்கே அறிவித்திருந்தால் பெயரும் புகழும் வந்திருக்கும். கூடவே மண்வெட்டிகளும் வந்திருக்கும். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. நம்பகமான சிலருக்கு மட்டும் தெரிந்த அந்த இடம் தலைமுறை தாண்டியும் வெளியே வரவில்லை. அரிய பூவைக் கண்டவருக்கு அதைப் பிறரிடம் சொல்வதில்தான் பாதி மகிழ்ச்சி. அதைத் துறந்தீர்களே, அதற்குத்தான் என் முதல் வணக்கம்.

பின்னர் வந்தவர்கள் பூக்கும் காலத்தில் செடியருகே காவல் இருந்தீர்கள். இலை தின்னும் நத்தைகளை விரட்டினீர்கள், கையாலேயே மகரந்தம் சேர்த்தீர்கள். அந்த விதைகள் முளைத்தது லேசான காரியமில்லை. தூசி போன்ற அந்த விதையில் உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணில் ஒரு பூஞ்சை துணை நின்றால்தான் முளைக்கும். 1983இல் கியூ தாவரவியல் பூங்காவில் தொடங்கிய ஆர்க்கிட் திட்டம் ஆய்வகத்தில் ஊட்டம் கொடுத்து அவற்றை முளைக்க வைத்தது. 1989இல் வெளியே நடத் தொடங்கிய கன்றுகளில் முதல் பூ மலர்ந்தது 2000இல்தான். இந்தப் பொறுமைக்கு இரண்டாவது வணக்கம்.

நான் பார்த்தது எல்லோரும் பார்க்கலாம் என்று திறந்துவைத்த இடம். அந்தப் பழைய தாய்ச்செடி எங்கே நிற்கிறது என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கப்போவதும் இல்லை.

இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலையிலோ காட்டிலோ அரிய பூ ஒன்றைக் கண்டால் ஆசைதீரப் படம் எடுங்கள். பகிரும்போது இடத்தின் பெயரையும், படத்தோடு பதிவாகும் இருப்பிடக் குறிப்பையும் நீக்கிவிடுங்கள். வனத்துறைக்கோ தாவரவியலாளருக்கோ மட்டும் சொல்லுங்கள்.


ஒரு தாவர ஆர்வலர்